கேத்தரீனுக்கு என்னதான் வேண்டும்? 'ஜூல்ஸ் அண்ட் ஜிம்' பார்த்தவருக்கு ஒரு பதில்

கேள்வி இது: "முக்கோணக் காதல் படங்களிலேயே தலைசிறந்தது என்று சொன்னார்களே என்று பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவின் 'ஜூல்ஸ் அண்ட் ஜிம்' பார்த்தேன். முதல் அரை மணி நேரம் ரொம்பப் பிடித்தது. அப்புறம் நாயகி கேத்தரீன் மேல் எரிச்சல்தான் வந்தது. அவளுக்கு என்னதான் வேண்டும்? கடைசியில் ஏன் காரோடு ஆற்றில் போய் விழுகிறாள்? உண்மைக் கதை என்கிறார்கள். அந்தப் பெண் நிஜமாகவே அப்படித்தான் செத்தாளா?"

கடைசிக் கேள்விக்குப் பதில் சின்னது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லை, சாகவில்லை. கேத்தரீனுக்கு மூலமான பெண்ணின் பெயர் ஹெலன் க்ருண்ட். 1886இல் பெர்லினில் பிறந்தவர், 1982 வரை இருந்தார். 1962இல் படம் வந்தபோது எழுபத்தைந்து வயதில் போய்ப் பார்த்தார். பார்த்துவிட்டு த்ரூஃபோவுக்குக் கடிதம் எழுதினார். திரையில் தன்னைக் கொன்றுவிட்டார்களே என்ற கோபம் அதில் இல்லை. எங்களுக்குள் இருந்ததை இந்த இளைஞன் எப்படி இவ்வளவு கிட்டத்தில் பிடித்தான் என்ற வியப்புதான் இருந்தது. அவரைப் பற்றி அப்புறம் விரிவாக வருகிறேன்.

இப்போது உங்கள் எரிச்சலுக்கு வருவோம். அது நியாயமான எரிச்சல். படத்தைக் கொண்டாடுகிறவர்கள் பலர் கேத்தரீனைச் 'சுதந்திரப் பெண்' என்று ஒரு பட்டம் கொடுத்து மேடையேற்றிவிடுவார்கள். பட்டத்தை நம்பிப் பார்க்கப் போனால் கண்ணில் படுவது பொறாமைக்காரி, பழிவாங்குகிறவள், கடைசியில் ஒருவனைக் கொல்கிறவள். இரண்டும் ஒட்டவில்லையே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஒன்று கேட்கிறேன்: கேத்தரீனைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் யார் சொல்லித் தெரிந்தது?

படத்தின் முதல் சில விநாடிகளை மறுபடி ஓடவிட்டுப் பாருங்கள். எழுத்துகள் வருவதற்கு முன், திரை கறுப்பாக இருக்கிறது. ஒரு பெண்குரல் மட்டும் கேட்கிறது. காதலிக்கிறேன் என்றாய், பொறு என்றேன். என்னை எடுத்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன், போய்விடு என்றாய். இவ்வளவுதான். அது கேத்தரீனாக நடித்த ழான் மோரோவின் குரல். கடிதங்கள் குறுக்கே போவது, ஒருவர் தயாராகும்போது மற்றவர் கிளம்பிவிடுவது என்று பின்னால் நடக்கப்போகும் எல்லாமே அந்த நாலு வாக்கியத்தில் இருக்கிறது. உடனே இசை துள்ளிக்கொண்டு கிளம்பும், ஓர் ஆண்குரல் கதையைக் கையில் எடுத்துக்கொள்ளும். மிஷெல் சுபோர் பேசிய அந்தப் பின்னணிக் குரல் படம் முடியும்வரை கதையை விடுவதில்லை. ஜூல்ஸ் என்ன நினைத்தான், ஜிம் என்ன நினைத்தான் என்று வேகவேகமாகச் சொல்லிக்கொண்டே போகும். கேத்தரீன் என்ன செய்தாள் என்றும் சொல்லும். ஏன் செய்தாள் என்பதற்கு வரும்போது பெரும்பாலும் அந்த இருவரின் ஊகம்தான் நமக்குக் கிடைக்கிறது.

என் வாசிப்பு இதுதான். இரண்டு ஆண்களுக்கு நடுவில் யாரைத் தேர்ந்தெடுப்பது என்று தவிக்கும் பெண்ணின் கதையாக இதைப் பார்த்தால் படம் கையில் நிற்காது. இரண்டு நண்பர்கள் தங்களுக்குள் ஏற்கெனவே ஒரு முழு உலகத்தைக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு தெய்வம் தேவைப்படுகிறது. அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தவள், தெய்வமாக இருக்கமாட்டேன் என்றும் சொல்கிறாள், தெய்வத்துக்குரிய அதிகாரத்தை விடவும் மாட்டேன் என்கிறாள். சிக்கல் முழுக்க அங்கேதான்.

கேத்தரீன் வருவதற்கு முன்பே அவளுடைய வேலை தீர்மானமாகிவிடுகிறது, கவனித்தீர்களா? கதை 1912 வாக்கில் பாரிஸில் தொடங்குகிறது. ஜெர்மன் பேசும் ஜூல்ஸும் பிரெஞ்சுக்காரன் ஜிம்மும் நண்பர்கள். ஆல்பர் என்ற நண்பன் ஸ்லைடு போட்டுக் காட்டும்போது ஒரு கற்சிலை வருகிறது. அதன் உதட்டில் ஒரு புன்னகை. இருவரும் அந்தப் புன்னகையில் கிறங்கி, சிலையைப் பார்ப்பதற்காகவே ஏட்ரியாட்டிக் கடல் தீவுக்குப் போகிறார்கள். இந்தப் புன்னகையை எங்கேயாவது நிஜத்தில் சந்தித்தால் பின்னாலேயே போய்விடுவது என்று முடிவெடுக்கிறார்கள். பாரிஸுக்குத் திரும்பினால் மூன்று பெண்கள் விருந்துக்கு வருகிறார்கள், படியிறங்கி வருகிறவள் கேத்தரீன். கேமரா அவள் மூக்கு, வாய், மோவாய், நெற்றி என்று துண்டு துண்டாகக் காட்டுகிறது. சிலையை எப்படிக் காட்டியதோ அப்படியே. பாவம், அந்தப் பெண் இன்னும் வணக்கம்கூடச் சொல்லவில்லை!

அதற்குள் ஜூல்ஸ் ஜிம்மிடம் ஒரு வாக்கு வாங்குகிறான்: "ஆனால் இவளை விட்டுவிடு, சரியா ஜிம்?" அதுவரை பெண்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்திக்கொண்டு திரிந்தவர்கள். அவளைக் கேட்காமலேயே அவளைப் பற்றி ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறார்கள். படத்தின் உண்மையான திருமணம் இந்த இரண்டு பேருடையது என்று சில சமயம் எனக்குத் தோன்றும்.

பாலத்தில் ஓட்டப்பந்தயம் வருமே, அதிலிருந்தே கேத்தரீன் தன் விதிகளை எழுத ஆரம்பிக்கிறாள். ஆண் வேடம், தொப்பி, வரைந்த மீசை, 'தோமா' என்று பெயர். தெருவில் ஒருவன் அவளை ஆண் என்றே நம்பி நெருப்புக் கேட்கிறான், தேர்வில் பாஸ். பிறகு ரயில் பாதைக்கு மேலே போகும் அந்தக் கம்பி வலை போட்ட நடைபாலம். ஒன்று, இரண்டு என்று எண்ணும்போதே, மூன்று வருவதற்கு முன்னால் அவள் ஓட ஆரம்பித்துவிடுகிறாள். ஜெயிக்கவும் செய்கிறாள். ரவுல் குத்தாரின் கேமரா அவள் முகத்தோடு சேர்ந்தே ஓடுகிறது, மூச்சிரைப்பு காதில் விழுகிறது. சுவரொட்டிகளில் இந்தக் காட்சியைத்தான் இளமையின் அடையாளம் என்று போடுகிறார்கள். போடட்டும். ஆனால் மூன்று எண்ணும்வரை காத்திருந்தால் தனக்கு இடமில்லை என்று அந்தப் பெண் முடிவு செய்துவிட்ட இடம் அது.

அடுத்தது கந்தக அமிலக் காட்சி. அவசரமாகப் பார்த்தால் தவறிப்போகும். மூவரும் தெற்கே கடற்கரைக்குப் போகும் நாளில் பெட்டியை எடுக்க ஜிம் அவள் அறைக்கு வருகிறான். அவள் இரவு உடையில் தரையில் குந்திக் காகிதங்களை எரித்துக்கொண்டிருக்கிறாள். பொய்களை எரிக்கிறாளாம். தீ உடையில் பற்றிக்கொள்ள, ஜிம் அடித்து அணைக்கிறான். அவள் ஒன்றும் நடக்காதது போல உடை மாற்றிக்கொள்கிறாள். பெட்டியில் வைக்க ஒரு பாட்டிலை எடுக்கிறாள். என்ன இது என்றால், அமிலம், பொய் சொல்லும் ஆண்களின் கண்ணுக்காக என்கிறாள். பெட்டிக்குள் உடைந்தால் துணியெல்லாம் போய்விடும், வேண்டுமானால் எங்கே வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாமே என்று ஜிம் நடைமுறை பேசுகிறான். அது இதே பாட்டிலாக இருக்காதே என்கிறாள். பிறகு கழுவுதொட்டியில் ஊற்றிவிடுகிறாள், புகை எழும்புகிறது. இத்தனையும் ஒரே அறைக்குள், பின்னணியில் மிரட்டும் இசை எதுவும் இல்லாமல். நாமும் சிரித்துக்கொண்டே தாண்டிவிடுகிறோம். முதல் அரை மணி நேரம் பிடித்தது என்றீர்களே, இவ்வளவும் அந்த முதல் பகுதியில்தான் இருக்கிறது. அவள் பாதியில் மாறவில்லை. படத்தின் வேகம் நம்மை ஏமாற்றி வைத்திருந்தது, போருக்கு அப்புறம் வேகம் குறைந்ததும் நமக்குத் தெரிய வருகிறது.

இந்த வேகம் த்ரூஃபோ திட்டமிட்டுச் செய்தது. ஜார்ஜ் தெலெரூவின் இசை, ஓடிக்கொண்டே பேசும் குரல், திடீரென்று அரை விநாடி உறைந்து நிற்கும் முகம் எல்லாம் சேர்ந்துதான் அது. கேத்தரீன் முன்பு தான் எப்படி முகத்தை வைத்துக்கொள்வாள் என்று நடித்துக் காட்டும்போது சிரிப்பிலும் கடுகடுப்பிலும் பிம்பம் அப்படியே நின்றுவிடுமே, அந்த இடம். உயிருள்ளவளை மறுபடி சிலையாக்கிப் பார்க்கிற ஆசைதான் என்று எனக்குப் படுகிறது. நின்ற மாத்திரத்தில் அவள் மறுபடி அசைந்துவிடுகிறாள்.

சேன் ஆற்றில் அவள் குதிக்கும் இரவு. மூவரும் ஒரு ஸ்வீடன் நாடகம் பார்த்துவிட்டுக் கரையோரமாக நடந்து வருகிறார்கள். நாடகத்தின் நாயகி அவளுக்குப் பிடித்திருக்கிறது, ஆண்களுக்கு நாடகம் பிடிக்கவில்லை. ஜூல்ஸ் பிரெஞ்சுக் கவிஞர் போதலேரிடமிருந்து பெண்களைப் பற்றிய மட்டமான வரிகளாக எடுத்துவிட ஆரம்பிக்கிறான். இரண்டு பேரும் முட்டாள்கள் என்கிறாள் அவள். நான் ஒன்றும் சொல்லவில்லையே, ராத்திரி இரண்டு மணிக்கு ஜூல்ஸ் சொல்வதையெல்லாம் நான் ஒத்துக்கொள்வதில்லை என்கிறான் ஜிம். அப்படியானால் ஆட்சேபம் சொல் என்கிறாள். சொல்கிறேன் என்கிறான், ஒப்புக்கு. அவள் முகத்திரையைத் தூக்கிவிட்டு, உடுத்திய உடையோடு ஆற்றில் குதிக்கிறாள். தொப்பி மட்டும் தண்ணீரில் மிதந்து போகிறது. திரும்பி வரும்போது அவள் முகத்தில், இத்தாலியப் படையெடுப்பை முடித்த இளம் தளபதியின் அடக்கமான புன்னகை என்கிறது பின்னணிக் குரல். ஜூல்ஸ் வெளிறிப் போயிருக்கிறான். ஜிம் அந்த இரவில்தான் மனதை இழக்கிறான்.

பார்த்தீர்களா? அவள் சொன்னதற்குப் பதில் வரவில்லை, குதித்ததற்குப் பதில் வந்தது. பேசினால் எடுபடாது, உடம்பை எறிந்தால் எடுபடும் என்று அவளுக்கு அன்றைக்குப் பாடமாகிவிட்டது. கடைசிக் காட்சிக்கு விதை அங்கேதான் விழுந்தது.

கணக்குத் தீர்ப்பது அவள் குணம். ஜூல்ஸைத்தான் அவள் மணக்கிறாள். திருமணத்துக்கு முன்பு அவன் தாய் அவளை அவமானப்படுத்துகிறாள், ஜூல்ஸ் வாய் திறக்காமல் நிற்கிறான். அவள் திருமணத்துக்கு முந்தைய நாள் பழைய காதலன் ஒருவனிடம் சில மணி நேரம் போய்விட்டு வருகிறாள். இப்போது இருவரும் சமம், பூஜ்யத்திலிருந்து தொடங்கலாம் என்பது அவள் நியாயம். கொடுமையான நியாயம்தான். ஆனால் வேறு யாரிடம் போய் முறையிடுவாள்?

முதல் உலகப்போர் வருகிறது. நண்பர்கள் எதிரெதிர்ப் படைகளில். ஒருவரையொருவர் கொன்றுவிடுவோமோ என்பதுதான் இருவரின் பயமும், ஜூல்ஸ் ரஷ்ய முனைக்கு மாற்றப்பட்டு நிம்மதியடைகிறான். போர்க்காட்சிகள் நிஜமான ஆவணப் படத்துண்டுகள். பழைய சதுரப் பிம்பத்தை அகலத்திரைக்கு இழுத்திருப்பதால் வீரர்கள் குட்டையாக, அகலமாகத் தெரிகிறார்கள். சரிசெய்யாமல் அப்படியே விட்டது நல்லது. போருக்குப் பின் ஜிம் தேடி வரும் ஜூல்ஸின் மலைவீட்டுக் காட்சிகள் கிழக்கு பிரான்ஸின் அல்சாஸில் மோல்கென்ரைன் என்ற இடத்தில் எடுத்தவை. பக்கத்து உச்சியான ஹார்ட்மன்ஸ்வில்லர்கோப்ஃப் அதே போரில் ஆயிரக்கணக்கானவர்கள் மாண்ட களம். படம் இதைச் சொல்வதில்லை. தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தப் புல்வெளிகளில் அவர்கள் ஆடும் விளையாட்டு வேறு மாதிரி தெரியும்.

மலைவீட்டில் எனக்கு எப்போதுமே உறுத்துவது ஜூல்ஸ்தான். எல்லோருக்கும் அவன்மேல் இரக்கம் வரும். வியன்னாக்காரர் ஆஸ்கர் வெர்னர் அவ்வளவு மென்மையாக நடித்திருக்கிறார். மனைவி அடிக்கடி வேறு ஆண்களிடம் போகிறாள், இவன் பூச்சிகளைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டு சகித்துக்கொள்கிறான். ஒருநாள் ஜிம்மிடம், அவளைக் காதலி, கல்யாணம் செய்துகொள், நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்கிறான். பெருந்தன்மை என்று கைதட்டலாம். அவளுடைய இடத்திலிருந்து யோசியுங்கள். பெண்டாட்டியை நண்பனிடம் ஒப்படைக்கிறான், தான் பார்த்துக்கொண்டிருப்பதற்காக. மறுபடியும் இரண்டு ஆண்களுக்குள் ஓர் ஒப்பந்தம். இவனே இன்னொரு இடத்தில் அவளைப் பற்றிச் சொல்கிறான்: அவள் பெரிய அழகியுமில்லை, புத்திசாலியுமில்லை, உண்மையானவளுமில்லை, ஆனால் ஒரு முழுப் பெண், அந்தப் பெண்ணைத்தான் நாம் நேசிக்கிறோம். மனைவியைப் பற்றிப் பேசுகிறானா, சிலையைப் பற்றியா?

அவள் தன் பக்கத்துக் கதையைச் சொல்வது ஒரே ஓர் இரவில். ஜூல்ஸ் சாப்பாட்டு மேசையில் ஜெர்மன் பீரைப் புகழ, அவள் பிரெஞ்சு ஒயின்களின் பெயர்களைச் சரமாரியாக அடுக்குகிறாள். அடுக்கிக்கொண்டே எழுந்து இருட்டில் ஓடுகிறாள், பிடி என்று. ஜிம் பின்னால் போகிறான். காட்டோரம் நடந்துகொண்டே அவன் தன் கதையைச் சொல்கிறான், பிறகு அதே வருஷங்களை அவள் தன் கண்ணால் பார்த்தபடி சொல்கிறாள். படத்தில் அவளுக்குக் கிடைத்த அதிகபட்சம் அதுதான். அடுத்த முறை பார்க்கும்போது இந்த நடையை நிதானமாகப் பாருங்கள்.

அப்புறம் அந்தப் பாட்டு, 'சுழல்காற்று'. சந்தித்தோம், பிரிந்தோம், மறுபடி சந்தித்தோம் என்று சுற்றிச் சுற்றி வரும். கித்தார் வாசிக்கும் ஆல்பராக வருபவர்தான் அதை எழுதிய செர்ஜ் ரெஸ்வானி. பஸியாக் என்ற புனைபெயரில் நடித்திருக்கிறார். ழான் மோரோவையும் அவர் முன்னாள் கணவரையும் கிண்டல் செய்ய நண்பர்கள் வட்டத்துக்குள் எழுதிய பாட்டு. பாடும்போது மோரோ ஓர் இடத்தில் வரிகளை மாற்றிப் போட்டுவிட்டு, கையால் ஒரு சின்ன சைகை செய்வார். த்ரூஃபோவுக்குப் பிடித்துப்போய் அந்த டேக்கையே வைத்துக்கொண்டார். ஒரு வேடிக்கை பாருங்கள்: சிலையைக் காட்டியவனும் ஆல்பர், பாட்டுக்கு இசைத்தவனும் ஆல்பர், அவளைக் கல்யாணம் செய்ய ஆசைப்படுகிறவனும் அவன், கோபம் வந்தால் அவள் போகிற இடமும் அவன் வீடு. பாரிஸில் ஜிம்முக்காகப் பல வருஷம் பொறுத்திருக்கும் ஜில்பெர்ட் வேறு. 'முக்கோணம்' என்கிறார்கள், எண்ணிப் பார்த்தால் ஐந்து முனை இருக்கிறது.

ஜிம்முடன் அவள் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஜிம் எதையும் முடிப்பதில்லை. ஜில்பெர்ட்டிடம் விடைபெற்று வருகிறேன் என்று பாரிஸ் போகிறான், நாட்கள் நீளுகின்றன. இருவரும் குழந்தைக்கு ஆசைப்படுகிறார்கள், தரிக்கவில்லை. பிரிகிறார்கள். அப்புறம் அவள் கர்ப்பம் என்று கடிதம் வரும்போது, ஜிம் காய்ச்சலில் கிடந்தபடி குழந்தை யாருடையதோ என்று சந்தேகப்படுகிறான். கடிதங்கள் தபாலில் ஒன்றையொன்று தாண்டிப் போகின்றன, வெறுப்புக் கடிதம் போன பிறகு அன்புக் கடிதம் வந்து சேருகிறது. கடைசியில் ஜூல்ஸின் கடிதம்: கரு கலைந்துவிட்டது. படம் இதில் அதிக நேரம் நிற்பதில்லை, வேகமாகக் கடந்துவிடுகிறது. என்னைக் கேட்டால் படத்தின் ஒரே பெரிய குறை இதுதான். ஒரு பெண்ணுக்கு நடந்த மிகப் பெரிய இழப்பை, இரண்டு ஆண்களுக்கு இடையிலான கடிதப் போக்குவரத்தாகவே நாம் அறிகிறோம்.

இனி முடிவு. சில வருடம் கழித்து ஜிம் அவளிடம் வந்து, ஜில்பெர்ட்டைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன், நாம் செய்து பார்த்தது தோற்றுவிட்டது என்கிறான். ஜோடி வாழ்க்கைக்குப் புது விதி கண்டுபிடிக்க நினைத்தோம், முடியவில்லை என்று தெளிவாகப் பேசுகிறான். அவள் துப்பாக்கியை எடுக்கிறாள், அவன் ஜன்னல் வழியாகக் குதித்துத் தப்புகிறான். பிறகு ஒரு சினிமா அரங்கில் மூவரும் தற்செயலாகச் சந்திக்கிறார்கள். திரையில் நாஜிகள் புத்தகங்களை எரிக்கும் செய்திப்படம். 1933. புத்தகங்களை வைத்து நட்பு வளர்த்தவர்கள் இவர்கள். அங்கிருந்து காரில் போய் ஆற்றோரத்தில் ஒரு கடையில் உட்காருகிறார்கள். ஜிம், உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், வா என்று காரில் ஏற்றிக்கொள்கிறாள். ஜூல்ஸ், எங்களை நன்றாகப் பார் என்கிறாள். உடைந்த பாலத்தின் நுனியிலிருந்து கார் தண்ணீருக்குள் போகிறது.

ஏன் ஜிம், ஏன் ஜூல்ஸ் இல்லை? விட்டுப் போனவன் ஜிம் ஒருவன்தான். மற்ற எல்லா ஆண்களையும் அவள்தான் விட்டுப் போயிருக்கிறாள். ஜூல்ஸோ எதற்கும் மறுப்புச் சொல்லாதவன், அவன் கணக்கில் பாக்கி எதுவும் இல்லை. முதல் தடவை ஆற்றில் குதித்தபோது இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை ஒருவனைக் கூட்டிக்கொண்டாள், பார்ப்பதற்கு ஒருவனை விட்டுவைத்தாள். 'நான் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்' என்றவன்தானே அவன், சரி, பார். நியாயப்படுத்தவில்லை, அது கொலைதான். ஆனால் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளிவிடவும் முடியாது, படம் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்த ஒன்றைத்தான் அவள் செய்கிறாள்.

அதற்குப் பிறகு பின்னணிக் குரல் சொல்வதையும் கவனியுங்கள். முதல் நாளிலிருந்தே ஜூல்ஸுக்குள் இருந்த பயம் இனி இல்லை, ஏனென்றால் பயந்தது நடந்துவிட்டது. ஜூல்ஸ் ஜிம் நட்புக்குக் காதலில் ஈடே இல்லை என்றும் சொல்கிறது அந்தக் குரல், இருவர் சாம்பலும் ஆறுவதற்குள். தன் அஸ்தியைக் குன்றின் மேலிருந்து காற்றில் தூவ வேண்டும் என்பது கேத்தரீனின் ஆசை, அதற்கு அனுமதி இல்லை.

உண்மைக் கதைக்கு வருவோம். ஜிம் என்பவர் ஆன்ரி-பியேர் ரோஷே, 1879இல் பிறந்த பாரிஸ்காரர். ஓவியங்கள் வாங்கி விற்பவர், நவீன ஓவியர் மார்செல் த்யுஷாம்பின் நண்பர், பிக்காஸோவை அமெரிக்க எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைனுக்கு அறிமுகப்படுத்தியவர். தன் முதல் நாவலான 'ஜூல்ஸ் அண்ட் ஜிம்'மை வெளியிட்டது 1953இல், எழுபதைத் தாண்டிய பிறகு. இளம் விமர்சகராக இருந்த த்ரூஃபோ பழைய புத்தகங்களுக்கு நடுவே இதைக் கண்டெடுத்து, வேறொரு அமெரிக்கப் படத்தின் விமர்சனத்தில் இந்த நாவலைப் புகழ்ந்து எழுத, ரோஷே நன்றிக் கடிதம் போட, இருவரும் நண்பர்களானார்கள். கேத்தரீனாக நடிக்க மோரோ என்று த்ரூஃபோ அனுப்பிய படங்களை ரோஷே பார்த்தார். 1959 ஏப்ரலில் இறந்துபோனார், படத்தைப் பார்க்கவில்லை.

ஜூல்ஸ் என்பவர் ஃப்ரான்ஸ் ஹெஸல், பெர்லின் எழுத்தாளர், சிந்தனையாளர் வால்ட்டர் பெஞ்சமினோடு சேர்ந்து பிரெஞ்சு நாவலாசிரியர் ப்ரூஸ்ட்டை ஜெர்மனில் மொழிபெயர்த்தவர். ஹெலனை அவர் 1913இல் மணந்தார். ரோஷேவுக்கும் ஹெலனுக்கும் காதல் தொடங்கியது 1920இல், மியூனிக் பக்கத்துக் கிராமம் ஒன்றில். ஹெஸலும் ஹெலனும் 1921இல் விவாகரத்து செய்து, அடுத்த வருஷமே மறுபடி மணந்துகொண்டார்கள். ரோஷேவுக்கு வேறொரு பெண்ணிடம் மகன் பிறந்ததை மறைத்து வைத்திருந்தது தெரிய வந்தபோது, 1933இல், ஹெலன் அவருடனான உறவை அடியோடு வெட்டிவிட்டார். அதற்கப்புறம் நடந்ததுதான் படத்தில் இல்லாத கதை. ஹெஸல் யூதர். 1938இல் ஜெர்மனியை விட்டு வெளியேற்றி அவரைப் பாரிஸுக்குக் கூட்டிவந்தது ஹெலன். ஹெஸல் முகாமில் அடைக்கப்பட்டு, வெளியே வந்து, 1941 ஜனவரியில் தென் பிரான்ஸின் சனாரியில் இறந்தார். படத்தில் வரும் சிறுமி சபீனுக்குப் பதில் நிஜத்தில் இரண்டு மகன்கள். இளையவர் ஸ்டெஃபான் ஹெஸல், பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்தில் இருந்து, நாஜிகளின் புக்கென்வால்ட் முகாமில் உயிர்தப்பி, தூதரானவர். 2010இல் தொண்ணூற்று மூன்று வயதில் 'கோபப்படுங்கள்' என்ற சிறு நூலை எழுதி உலகம் முழுக்கப் பிரபலமானவர் இவர்தான்.

ஹெலன் சும்மா யாருடைய காதலியாகவும் மட்டும் இருந்தவர் அல்ல. ஓவியம் படித்தவர், ஃப்ராங்ஃபர்ட் நாளிதழ் ஒன்றுக்குப் பாரிஸிலிருந்து ஃபேஷன் பற்றிப் பல வருடம் எழுதிய பத்திரிகையாளர். 1920-21இல் ரோஷேவும் அவரும் இருவருமே நாட்குறிப்பு எழுதினார்கள். ரோஷேவினுடையது 1990இல் வந்தது, ஹெலனுடையது 1991இல். ஹெஸலும் தன் பங்குக்கு 1920இலேயே பாரிஸ் நாட்களை வைத்து ஒரு சிறு நாவல் எழுதிவிட்டார். ஆக மூவரும் எழுதியிருக்கிறார்கள், படமானது ஒருவருடைய நாவல். அதனால்தான் யார் சொல்லும் கதை என்று பார்க்கச் சொன்னேன்.

கேட்காத ஒன்று, ஆனால் பலர் கேட்பது: பெரிதாக எதையும் காட்டாத இந்தப் படத்தைப் பிரான்ஸிலேயே பதினெட்டு வயதுக்குக் கீழ் பார்க்கக்கூடாது என்று ஏன் தடுத்தார்கள்? காட்டியதற்காக இல்லை, யாரையும் திட்டாததற்காக. கள்ளக்காதலைக் காட்டி, கடைசியில் பாவத்தின் சம்பளம் என்று நெற்றியில் ஒட்டியிருந்தால் சான்றிதழ் சுலபமாகக் கிடைத்திருக்கும். இருபத்தொன்பது வயது த்ரூஃபோ மூவரையும் ஒரே கனிவோடு பார்த்துவிட்டார், தணிக்கைக்காரர்களுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

மறுபடி பார்க்க மனமில்லை என்றால் விடுங்கள், அதற்குப் பதில் த்ரூஃபோ 1971இல் எடுத்த 'இரண்டு ஆங்கிலப் பெண்கள்' பாருங்கள். அதுவும் ரோஷேவின் நாவல்தான், அவர் எழுதி வெளியிட்ட இரண்டாவது நாவல். இதில் நடுவில் நிற்பது ஒரு பிரெஞ்சு இளைஞன், இரண்டு பக்கமும் சகோதரிகள். பெண்கள் நாட்குறிப்பும் கடிதமும் எழுதுகிறார்கள், அவற்றை அவர்கள் குரலிலேயே கேட்கிறோம். கேத்தரீனுக்கு இருட்டில் நாலு வாக்கியம் கிடைத்தது என்று சொன்னேனே, இந்தச் சகோதரிகளுக்குப் பக்கம் பக்கமாகக் கிடைத்திருக்கிறது. வேகம் குறைவு, இரவு பத்து மணிக்கு மேல் ஆரம்பிக்காதீர்கள்.